செருப்பை எந்த வாசலில் விடுவது

மதுரைக்குள் நடந்தே ஊர் சுற்றிக்காட்ட இப்போதெல்லாம் ஆட்கள் இருக்கிறார்களாம். குடும்பத்தோடு போகலாமாம். குழந்தைகளுக்குத் தொப்பி உண்டாம், குடிக்கத் தண்ணீர் உண்டாம், சொல்கிற சரித்திரமெல்லாம் உண்மையாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையை மட்டும் சொல்லி அந்த வெயிலில் ஒரு குடும்பத்தை எப்படி நடக்க வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

எழுபதுகளில் அந்த வேலையை நான் சம்பளம் இல்லாமல் பார்த்தேன். எங்கள் வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அப்பாவுக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம், வேலை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில். மீனாட்சி கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஒருவருக்கு வீடு இருந்தால் அது அவர் வீடு இல்லை, சத்திரம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் ஒரு காபியைக் குடித்துவிட்டு, “வந்தது வந்துட்டோம், ஊரையும் பார்த்துட்டுப் போயிருவோமே” என்பார்கள். உடனே அம்மா அடுப்படியிலிருந்து என்னை எட்டிப் பார்ப்பாள். நான் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவேன். தாவணி போய்ச் சேலை வந்த பிறகும் அந்த உத்தியோகம் மட்டும் போகவில்லை.

எனக்கென்று ஒரு பாதை இருந்தது. புது மண்டபத்தில் ஆரம்பித்து, கோயிலுக்குள் போய், வெளியே வந்து, ராய கோபுரத்தின் மொட்டைக் கால்களைக் காட்டி, விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, கடைசியில் திருமலை நாயக்கர் மகால். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொய் வைத்திருந்தேன். மகாலின் சுவருக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மஞ்சள்கரு எங்கே போனது என்று நான்தான் சொல்வேன். கொத்தனார்களுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு, ஒரு வருஷத்தில் பாதிப் பேர் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள் என்பேன். ராய கோபுரம் ஏன் பாதியில் நிற்கிறது? ராணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், சமாதானம் பேசப் போன ராஜா திரும்பவே இல்லை. உசிலம்பட்டிச் சனங்கள் இதை அப்படியே நம்புவார்கள். “அது சரி, பொம்பள கோவிச்சுக்கிட்டா வீடே நிக்காது, கோபுரம் எங்கிட்டு நிக்கும்” என்று ஒரு பெரியப்பா பெருமூச்சு விட்டார். எனக்குக் கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி கிடையாது. என் பொய்யைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் அழாமல் அடுத்த இடம் வரைக்கும் நடந்தார்கள்.

செருப்பு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயிலுக்கு நாலு பக்கமும் கோபுர வாசல். வெளியூர்க்காரர்கள் ஒரு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே சுற்றின சுற்றில் திசை தெரியாமல் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி வீதி. அப்புறம் சித்திரை வீதியை வெறுங்காலோடு சுற்றி வர வேண்டியதுதான். மத்தியானம் நடை சாத்திவிட்டால் குறுக்கே போகவும் வழி கிடையாது. எங்கள் சந்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கோயிலுக்குப் போவோம். வெயில், மழை எல்லாம் எங்கள் பாதத்துக்குப் பழக்கம்.

எனக்கு இருபத்து நான்கு வயது ஆகியிருந்தது. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று இடத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் கூடிவரவில்லை. அந்த மூன்று மாப்பிள்ளைகளையும் எனக்குக் காலை வைத்துத்தான் தெரியும். தட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு அதுதான் எட்டும். முதல் காலில் ஆணி இருந்தது. இரண்டாவது காலைப் புதுச் செருப்பு கடித்திருந்தது. மூன்றாவது கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த மூன்றாவது வீட்டில்தான், மாப்பிள்ளையின் சித்தப்பா மகாலைக் கட்டினது வெள்ளைக்காரன் என்று அடித்துச் சொன்னார். நான் குனிந்த தலை நிமிராமல் “இல்லை” என்றேன். வாழ்க்கையில் சரித்திரத்தை உண்மையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதிலேயே மாட்டிக்கொண்டேன். “பொண்ணு லட்சணம்தான், வாய்தான் கொஞ்சம் கூடுதலா இருக்கு” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டுச் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். “இனிமே தட்டைத் தூக்கிக்கிட்டு உக்கார மாட்டேம்ப்பா. ஊரைப் பார்க்க வர்றவங்க கோபுரத்தைக் குனியவா சொல்றாங்க?”

அப்பா சண்டைக்கு வராத மனிதர். “இன்னும் ஒரே ஒரு தடவை தாயி. தட்டும் இருக்காது, குனியவும் வேணாம். அதுவும் கூடிவரலேன்னா, நீயா சொல்ற வரைக்கும் நான் பேச்சையே எடுக்க மாட்டேன்” என்றார். எனக்கு அது போதும். அந்த ஒரு தடவை நடந்து, அது கெட்டும் போய்விட்டால் எனக்கு விடுதலை.

சித்திரைத் திருவிழா முடிந்து கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம். அப்பா ஒரு நாள், வாடிப்பட்டியிலிருந்து மண்டிக்கு வந்து போகிற ஒருவரின் சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் பார்க்க வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் புது மண்டபத்துக்கே வந்துவிடுவார்கள், நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மாம்பழக் கலர் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அந்த வெயிலில் ஊர் சுற்றப் பட்டுச்சேலை! இரண்டு முழம் மல்லிகைப்பூவை என் தலையில் வைத்துவிட்டு, “நானும் வாரேன். போற எடத்துல வாயைக் கொஞ்சம் அடக்கிக்க” என்றாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மதுரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வீட்டில் வந்து பார்க்காமல், கோயிலிலோ மகாலிலோ தற்செயலாகச் சந்தித்தது மாதிரிப் பார்த்துக்கொள்வது. இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். பிடிக்காமல் போனால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, யாருக்கும் அவமானம் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. பெண் பார்க்க வரவில்லை என்று எல்லோரும் சாதிக்கும்போது, மாப்பிள்ளை யார் என்று நான் எப்படிக் கேட்பது?

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். வந்தவர்கள் ஆறு பேர். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர், அவர் மனைவி, அவர்கள் மகள், இரண்டு இளைஞர்கள், ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை. இளைஞர்களில் ஒருவன் பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, அடிப்பாகம் அரை செங்கல் உயரத்துக்கு ஒரு பூட்ஸ். இன்னொருவர் வேட்டி கட்டித் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார், குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்திருந்தது. சோடா வாங்கினால் முதல் சோடா பெல்பாட்டத்துக்கு. கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டால் அதில் பெல்பாட்டம். பெரியவரும் அவர் மனைவியும் அவனை “வாங்க, உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க” என்று தாங்கினார்கள். வேட்டிக்காரரிடம் “டேய், அந்தப் பையை எடு” என்றார்கள். மகள் தன் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நடந்தாள். அந்தக் காலத்தில் புருஷனோடு சேர்ந்து நடக்கிற பெண் யார்? ஆகவே கணக்கு சுலபம். குழந்தையைத் தூக்கியிருப்பவர் மகளின் புருஷன், ‘டேய்’ போடுகிறார்கள் என்றால் வீட்டோடு மாப்பிள்ளை, பாவப்பட்டவர். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது எனக்கு வந்த வரன், அதனால்தான் இத்தனை மரியாதை.

இவனிடமிருந்து தப்பிப்பதென்று அங்கேயே முடிவு செய்தேன். நான் வேண்டாம் என்று சொன்னால் அம்மா நாள் கணக்கில் சாப்பிட மாட்டாள். அவனே வேண்டாம் என்று ஓடிவிட்டால் பிரச்சினை இல்லை.

புது மண்டபத்தில் எனக்குத் தெரிந்த சௌராஷ்டிரா அக்கா ஒருவர் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தார். நான் கூட்டி வருகிறவர்களின் செருப்பெல்லாம் அவர் கடைப் பலகைக்குக் கீழேதான் இருக்கும். நானே வந்து கேட்டால்தான் கொடுப்பார். எல்லோரையும் அங்கே செருப்பை விடச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றியதும் பெல்பாட்டம் சட்டென்று குட்டையாகிவிட்டது, பேண்டின் கால் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கோயிலுக்குள் சுவாமி சன்னிதிக்கு முன்னால், ஊர்த்துவ தாண்டவச் சிலைக்கும் காளிக்கும் வெண்ணெய் உருண்டை எறிவார்கள். ஆளுக்கு ஒரு உருண்டை வாங்கிக் கொடுத்தேன். என் குறி தவறாது, சின்ன வயதிலிருந்து எறிகிறேன். அன்றைக்கு மட்டும் என் உருண்டை காளிக்குப் போகாமல் பெல்பாட்டத்தின் ஸ்டெப் கட்டிங் முடியில் போய் விழுந்தது. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். “அய்யய்யோ, கை வழுக்கிருச்சு” என்றேன். அவன் துடைக்கத் துடைக்க வெண்ணெய் உருகிக் காதோரம் இறங்கியது. “சாமி குடுத்துருக்கு, தொடைக்காதீங்க, ஒரு நாழிக்கு அப்படியே விட்டா முடி நல்லா வளரும்” என்றேன். அவன் கையை எடுத்துவிட்டான்.

வேட்டிக்காரர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் சிரிப்பை மறைப்பதைப் பார்த்தேன்.

ஆயிரங்கால் மண்டபத்தில் என் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். பேர்தான் ஆயிரம், எண்ணினால் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து தூண்தான் இருக்கும். இது நிஜம். மீதிப் பதினைந்து எங்கே போனது? மகால் கட்டும்போது பத்தைக் கடன் வாங்கினார்கள், அதுதான் பத்துத்தூண் சந்தில் நிற்கிறது. இது நான் சொன்னது.

“மீதி அஞ்சு?” என்று வேட்டிக்காரர் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கை முழுசாகப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் அசரவில்லை. “வாடிப்பட்டிப் பக்கம்தான் போச்சாம்ண்ணே.”

“எங்க ஊர்லயா? நான் பார்த்ததில்லையே.”

“தேடிப் பார்த்தாத்தானே தெரியும்.”

அவர் யோசிப்பது மாதிரித் தலையாட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கல்யாணமாகிக் குழந்தையும் உள்ளவரைப் பிடித்துப்போவதில் ஒரு சௌகரியம் உண்டு. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கலாம், அண்ணே என்று கூப்பிடலாம், வாய்க்கு வந்ததைப் பேசலாம்.

அப்புறம் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். கோயிலுக்குள் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினேன். தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தார் என்று முக்குறுணிப் பிள்ளையாரின் கதையை இரண்டு தடவை சொன்னேன். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார வைத்தேன். நடை சாத்துகிற நேரம் நெருங்கி, காவலாளி எல்லோரையும் விரட்ட ஆரம்பித்ததும், “வாங்க வாங்க, இருக்கிற கோபுரத்துலயே ஒசரமான கோபுரம் பார்க்காம போகக்கூடாது” என்று மேலக் கோபுர வாசல் வழியாக வெளியே கூட்டி வந்துவிட்டேன். பின்னாலேயே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“தெக்குக் கோபுரம்ல ஒசரம்?” என்றார் வேட்டிக்காரர், மெதுவாக.

நான் காதில் வாங்காத மாதிரி நின்றேன். செருப்பெல்லாம் கோயிலுக்கு அந்தப் பக்கம், கிழக்கே, புது மண்டபத்தில். நாங்கள் மேற்கே. நடுவில் பூட்டின கோயில். தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. பெல்பாட்டம் ஒரு காலை வைத்தான், எடுத்தான், அடுத்த காலை வைத்தான், எடுத்தான். கடைசியில் ஒரு சர்பத் கடையின் நிழலுக்குள் பாய்ந்து, “என்ன ஊர் இது” என்று கத்தினான். பெரியவரும் அவர் மனைவியும் பதறிப்போய் அவனுக்கு விசிறினார்கள். என் காரியம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். இனி இவன் வாழ்நாளில் மதுரைப் பெண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. வேட்டிக்காரர் குழந்தையை இறக்கி அதன் அம்மாவிடம் விட்டுவிட்டு, “எல்லாரும் நெழல்லயே இருங்க. நான் போயி எல்லாத்தோட செருப்பையும் எடுத்துட்டு வாரேன்” என்றார். அவர் போனால் சௌராஷ்டிரா அக்கா செருப்பைத் தர மாட்டார். நானும் போக வேண்டும். அம்மாவைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆணோடு தெருவில் தனியாக நடக்க என் அம்மா விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு, “போயிட்டு வா. மெதுவாவே வாங்க” என்றாள். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெற்குச் சித்திரை வீதி வழியாக நடந்தோம். கடை வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்த ஈரத்திலிருந்து அடுத்த ஈரத்துக்கு அவர் எட்டு வைத்துப் போனார். கூரை நிழல் ஒரு ஆள் அகலத்துக்கு இருந்த இடத்தில் அதை எனக்கு விட்டுவிட்டு அவர் வெயிலில் நடந்தார். எனக்கு நிழலே தேவை இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாதம் சிவந்துபோய் ஓரத்தில் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்தேன். இதுவரை நான் பார்த்த கால்களில் இது ஒன்றுதான் என்னால் கஷ்டப்பட்ட கால். எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“சொல்லுங்க. ஆனா அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க.”

வயதைச் சொன்னது மாதிரி இருப்பதால் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். “அதுக்கென்னண்ணே” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செருப்பு ஒரு பக்கம் இருக்க, வேண்டுமென்றேதான் வேறு வாசல் வழியாக வெளியே கூட்டி வந்தேன். வெண்ணெயை வேண்டுமென்றேதான் எறிந்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடி என்னைப் பெண் பார்க்க வந்திருப்பது எனக்குத் தெரியும், அவன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், நீங்கள்தான் அண்ணே எப்படியாவது அதற்கு வழி செய்ய வேண்டும்.

அவர் நின்றுவிட்டார். வெயிலில் நிற்கிறோம் என்பதே மறந்துபோன மாதிரி நின்றார். அப்புறம் கால் சுட்டு, ஒரு வளையல் கடை வாசலின் ஈரத்துக்குத் தாவினார்.

“அந்த ஆளைப் பிடிக்கலையா, இல்ல கல்யாணமே பிடிக்கலையா?”

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. “பிடிக்குதா இல்லையான்னு என்னை யாருண்ணே கேட்டா? மூணு பேரு வந்தாக. மூணு பேரோட மொகமும் எனக்குத் தெரியாது, காலுதான் தெரியும். அவுகளுக்கு என்னைப் பிடிக்குதான்னு வீட்டுல எல்லாரும் காத்துக் கெடப்பாங்க. அவுக வேணாம்னு சொன்னா என் வாயை அடக்கச் சொல்லுவாங்க. பத்து வருசமா ஊருக்கே ஊரைக் காட்டுறேன். அப்பல்லாம் இந்த வாய் எல்லாருக்கும் வேணும்.”

சொல்லி முடித்தபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அதைப் பார்க்காத மாதிரித் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இதுதான் ஒசரம்,” என்றார்.

“தெரியும்ண்ணே,” என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புது மண்டபத்தில் சௌராஷ்டிரா அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “யாரு இவரு?” என்றார். “அண்ணன் மொறை” என்றேன். அக்கா தன் பாஷையில் பக்கத்துக் கடைக்காரியிடம் என்னவோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பாஷை எனக்குப் புரியாது, பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது புரிந்தது. வேட்டிக்காரர் துண்டை விரித்து எல்லோருடைய செருப்பையும் அதில் அடுக்கி, பெல்பாட்டத்தின் பூட்ஸையும் வைத்து, துணி மூட்டை மாதிரி முடிச்சுப் போட்டுத் தோளில் தூக்கினார். அவருடைய செருப்பை மட்டும் காலில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். “நீங்க வெறுங்கால்ல நடக்கும்போதா?” என்றார்.

“அவன் பூட்ஸையும் நீங்க எதுக்குண்ணே சொமக்குறீங்க?”

“இதைச் சொமக்கலேன்னா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடையாது,” என்றார். என்ன குடும்பமோ என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

அதோடு ஊர் பார்த்தது முடிந்தது. ராய கோபுரம், மகால் எதுவும் பார்க்காமல் அவர்கள் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. ஒன்றும் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்திதான். நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். பஸ் வந்து நின்றது. வேட்டிக்காரர் இரண்டு கையிலும் பையோடு ஏறினார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்தக் குழந்தை, பெல்பாட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, “அப்பா, தூக்கு” என்றது.

அவன் தலையில் காய்ந்த வெண்ணெயைத் தடவிக்கொண்டே, “மாமாகிட்டப் போ” என்று பஸ்ஸுக்குள் கையைக் காட்டினான்.

வேட்டிக்காரர் பையை வைத்துவிட்டுக் குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அப்படியே என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

“அந்த பெல்பாட்டம் யாரும்மா?” என்றேன்.

அம்மாவுக்கு இனி நடிக்கத் தேவையில்லை. “அவங்க வீட்டு மருமகன்டி. அவனுக்கு மரியாதை கொறைஞ்சா மகளைக் கொண்டாந்து விட்டுருவானாம், பயந்து சாகுறாக. உனக்குப் பார்த்தது பிள்ளையத் தூக்கிட்டு வந்தாரே, அவரை.” சொல்லிவிட்டு முகமெல்லாம் மலர்ந்தாள். “எம்புட்டு நேரம் பேசிக்கிட்டு வந்தீங்க ரெண்டு பேரும்! அவங்க அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கல. என்னடி பேசுன?”

“அண்ணேன்னு கூப்பிட்டுப் பேசினேம்மா.”

“எத்தன தடவ?”

“எண்ணல.”

அம்மா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாம் கெட்டுப்போயிருந்தது. அப்பா வாக்குக் கொடுத்தபடி பேச்சை எடுக்கவில்லை. எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது, அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் என் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு பெண் தாளே இல்லாமல் அரைப்பக்கம் அடித்திருந்தாள், அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு மனுஷன் முகத்தை ஜென்மத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துப் பேசினேன், அதையும் வந்த வரனைக் கலைத்துவிடுங்கள் என்று அந்த வரனிடமே சொல்லத்தான் பேசினேன். வெட்கம் ஒரு பக்கம், அவர் கால் கொப்புளம் ஆறியிருக்குமா என்ற கவலை ஒரு பக்கம்.

பத்தாம் நாள் அப்பா மண்டியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார். வாடிப்பட்டிக்காரர் மண்டிக்கு வந்திருந்தாராம்.

“ஒண்ணும் வெளங்கல தாயி. சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. காணாமப்போன அஞ்சு தூணையும் கண்டுபிடிச்சாச்சு, அவங்க வீட்டு முன்கட்டுலதான் நிக்குது, வந்து எண்ணிக்கிடலாம்னு அந்தப் பையன் சொல்லிவிட்டிருக்கான். எதுக்குத் தூணு, யாரு காணாமப்போட்டா?”

“வேறென்ன சொன்னாராம்?”

“மகால் பார்க்காம வந்துட்டோம், அதைப் பார்க்கணும்னானாம். வந்தா செருப்பை எந்த வாசல்ல விடணும்னு உன்கிட்டயே கேட்டு, நீ என்ன சொல்றியோ அதை அப்படியே வந்து சொல்லணுமாம். வேற யார்கிட்டயும் கேக்கக்கூடாதாம். உனக்கு இஷ்டமில்லேன்னா பதிலே வேணாமாம்.” அப்பா பரிதாபமாகப் பார்த்தார். “செருப்பு விடுறதுக்கா இம்புட்டு?”

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அந்த வீட்டில் முதல் தடவையாக எல்லோரும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்த வாசல்லயும் விட வேணாம்னு சொல்லுங்கப்பா.”

அப்பாவின் முகம் வாடிப்போனது.

“நம்ம வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லுங்க.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பாவுக்கு அப்போதும் புரியவில்லை. “வீட்டுலயா? இங்கருந்து வெறுங்கால்லயா நடப்பாரு? வெயில் எம்புட்டு அடிக்குது!”

“பழகிக்கிடுவாருப்பா,” என்றேன், தலையைக் குனியாமல்.